கேளுங்க ஆச்சி: லீவ் வேகன்சிக்குப் போகிறவர் பையில் என்ன இருக்கணும்?

ஜூன் பிறந்தாலே எனக்கு வருகிற கடிதங்களில் பாதி பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான் இருக்கும். இந்த முறை காரைக்குடிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை எல்லாமே ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. லீவ் போட்ட ஆசிரியருக்குப் பதிலாக ஒரு நாளோ இரண்டு நாளோ வகுப்பெடுக்கப் போவது, அதாவது லீவ் வேகன்சி. வகுப்பும் எடுத்து, எச்.எம். நாற்காலியிலும் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதில் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆச்சி, பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் யாராவது லீவ் போட்டால் காலை ஏழு மணிக்குப் போன் செய்து 'இன்றைக்கு வர முடியுமா' என்று கேட்கிறார்கள். எந்த வகுப்பு என்பது அங்கே போன பிறகுதான் தெரிகிறது. யூடியூபில் பார்த்து சார்ட், ஃபிளாஷ் கார்டு, கலர் பேப்பர், ஸ்டிக்கர் என்று நிறைய வாங்கிவிட்டேன். பையைத் தூக்க முடியவில்லை, ஆனால் வகுப்பில் நின்றால் தேவையானது மட்டும் அதில் இல்லை. உண்மையிலேயே என்னதான் எடுத்துப் போவது?
— வாசகி, கோட்டையூர்

முதலில் அந்த சார்ட்டையெல்லாம் சுருட்டிப் பரண் மேலே போடுங்கள் அம்மா. நிரந்தர வேலை கிடைக்கும்போது உதவும்.

ஒரு ஆசிரியர் திடீரென்று லீவ் போட்டால் அவருடைய மேஜை டிராயர் சாவியும் அலமாரி சாவியும் அவர் கைப்பையோடு வீட்டில் இருக்கும். சாக்பீஸ், டஸ்டர், சிவப்புப் பேனா, உபரி பென்சில், வெள்ளைத்தாள் எல்லாம் அந்தப் பூட்டுக்குள்ளே. நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையை ஆபீஸுக்கு அனுப்புவீர்கள், போனவன் வரமாட்டான், அவனைத் தேட இன்னொருவனை அனுப்புவீர்கள், அதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகியிருக்கும். ஆக, உங்கள் பையில் இருக்க வேண்டியது அந்தப் பூட்டிய டிராயருக்குள் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான். பாடத்துக்கான பொருள் இல்லை, யாரையும் எதையும் கேட்காமல் வகுப்பைத் தொடங்க வேண்டிய பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன எடுப்பது என்ற குழப்பமே வராது.

சாக்பீஸை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு வையுங்கள், அட்டைப்பெட்டியோடு போட்டால் உடைந்து பை முழுக்க மாவாகும். வெள்ளை நாலைந்து, கலரில் ஒன்றிரண்டு போதும். இப்போது பல தனியார் பள்ளிகளில் வெள்ளைப் பலகை வந்துவிட்டதால் மார்க்கர் பேனா கறுப்பும் நீலமும் ஒவ்வொன்று வேண்டும், அதில் வெள்ளைப் பலகைக்கானது என்று போட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். யாராவது அழியாத மார்க்கரால் பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்தால் பதற வேண்டாம், அந்த எழுத்தின் மேலேயே அழிகிற மார்க்கரால் தடவி உடனே துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். டஸ்டருக்குப் பதில் பழைய பருத்தித் துணி ஒன்று, மடித்தால் கனமே தெரியாது. ஸ்மார்ட் போர்டு இருந்தால் அதைத் தொடாமல் இருப்பது உத்தமம். பாஸ்வேர்டு கேட்டு நின்றால் முதல் பீரியட் அதிலேயே போய்விடும்.

பேனா விஷயத்தில் ஒரு சங்கதி. பச்சை மை வேண்டாம், எச்.எம். கையெழுத்துக்கு என்று அதை ஒதுக்கி வைக்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. சிவப்பு ஒன்று, நீலம் இரண்டு. பிள்ளைகள் நோட்டில் மதிப்பெண் போடாதீர்கள், 'வெரி குட்' என்று அரைப் பக்கத்துக்கு எழுதவும் வேண்டாம். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு டிக், தேதி, உங்கள் இனிஷியல். திரும்பி வருகிற டீச்சர் தன் கணக்கில் மதிப்பெண் போட்டுக்கொள்வார்.

பென்சில் பத்து, எல்லாம் துண்டுப் பென்சிலாக இருந்தால் நல்லது, புதுப் பென்சில் கொடுத்தால் திரும்பி வராது. ஒரு ஷார்ப்னர், இரண்டு ரப்பர். இவற்றைப் போட்டு வைக்க நம்ம ஊர்ப் பனையோலைக் கொட்டான், அதாவது ஓலையில் முடைந்த சின்னக் கூடை, ஒன்று இருந்தால் அருமை. சத்தம் போடாது, கனமில்லை, மேஜை மேல் வைத்தால் பிள்ளைகளே வந்து எடுத்துக்கொண்டு போட்டுவிடுவார்கள். கடன் வாங்கினவர் பெயரைப் பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள், திருப்பிக் கொடுத்ததும் அழியுங்கள். செருப்பைக் கழற்றி ஈடு வைக்கச் சொல்கிற ஆசிரியர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது.

தாள் இருபத்தைந்து எடுத்து, முந்தின இரவே பாதியாகக் கிழித்து வைத்தால் ஐம்பது பேருக்கு ஆகிவிடும். வகுப்பில் நின்றுகொண்டு கிழித்துக்கொண்டிருந்தால் 'மிஸ், எனக்குச் சின்னதா இருக்கு' என்று பஞ்சாயத்து வரும். அப்புறம் ஊக்கு நாலு, ரப்பர் பேண்டு, பிளாஸ்திரி, நாப்கின் இரண்டு, கைக்கடிகாரம். நேரம் பார்க்கப் போனை எடுத்தால், மிஸ் போன் பார்க்கிறாங்க என்று சாயங்காலம் வீடுவரை செய்தி போகும்.

மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது உங்கள் கைப்பையில் இருக்கட்டும், பிள்ளை தலைவலி என்றால் ஆபீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். காய்ச்சல் மாத்திரைதானே என்று பாதி உடைத்துக் கொடுப்பது பாசமாகத் தெரியலாம், அந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

தொண்டைக்கு அதிமதுரமோ பனங்கற்கண்டோ ஒரு பொட்டலம். பழக்கமில்லாதவர் ஒரே நாளில் ஆறு, ஏழு பீரியட் பேசினால் சாயங்காலம் குரல் போய்விடும். தண்ணீர் பாட்டில் பெரியதாக.

இதெல்லாம் அஞ்சறைப்பெட்டி மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் எது எங்கே என்று தெரிய வேண்டும். அதனால் நல்ல அறைகள் உள்ள துணிப்பை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் அதை எடுக்காதீர்கள். சாயங்காலம் வீடு திரும்பியதும், காபி குடிக்கிற முன்னாலேயே தீர்ந்ததை நிரப்பிவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் போன் வந்தபிறகு மார்க்கரைத் தேடுவது நடக்கிற காரியமா?

அந்தப் போனிலேயே கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுங்கள்: முதல் மணி எத்தனை மணிக்கு, போனதும் யாரைப் பார்க்க வேண்டும், சேலைதான் கட்ட வேண்டுமா, மதியம் சாப்பாட்டு நேரம் எது. எந்த வகுப்பு என்பதையும் கேளுங்கள், சொன்னால் லாபம், சொல்லாவிட்டால் குறைந்தபட்சம் சின்ன வகுப்பா பெரிய வகுப்பா என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை போகிற பள்ளி என்றால் ஆதார் நகல், பட்டச் சான்றிதழ் நகல், போட்டோ இரண்டு ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கட்டும்.

நான் எம்.எஸ்சி. கணிதம். ஆனால் போனால் ஒரு நாள் இரண்டாம் வகுப்பு, மறுமுறை எட்டாம் வகுப்புத் தமிழ். 'சும்மா பார்த்துக்கோங்க, சத்தம் வராம இருந்தா போதும்' என்கிறார்கள். எந்த வகுப்புக்கும் பொருந்துகிற மாதிரி கையில் என்ன வைத்துக்கொள்ளலாம்?
— வாசகி, பள்ளத்தூர்

சத்தம் வராமல் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாற்பது பிள்ளைகளை நாற்பது நிமிடம் வாயில் விரல் வைக்கச் சொல்வதற்கு பி.எட். எதற்கு? சரி, விடுங்கள்.

இதற்குப் பையில் இடமே வேண்டாம், ஒரு குயர் நோட்டு போதும். அதை நாலாகப் பிரித்து, மழலை வகுப்பு முதல் இரண்டு வரை, மூன்று முதல் ஐந்து வரை, ஆறு முதல் எட்டு வரை, ஒன்பது பத்து என்று ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வேலைகளை எழுதி வையுங்கள். எல்லாமே பலகையும் அரைத்தாளும் மட்டும் கேட்கிற வேலைகளாக இருக்க வேண்டும்.

குட்டிகளுக்கு எழுத்து வேலையே வேண்டாம். ஒரு கதை, இரண்டு விடுகதை, நாக்கு குழறுகிற வாக்கியம் ஒன்று. 'ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒரு பிடி நரைமயிர்' என்பதை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போனால் பத்து நிமிடம் சிரிப்பில் ஓடிவிடும், உச்சரிப்பும் திருந்தும். 'ஊசி நுழையாத கிணற்றில் ஒரு படி தண்ணீர்' என்றால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் தேங்காய் என்று சட்டென்று சொல்லிவிடும், அப்புறம் அவர்களையே வீட்டில் ஆயா சொன்ன விடுகதையைச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை எடுத்துப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஒன்று கட்டாயம் மூக்குக்குள் போகும். ஐஸ் குச்சி தேவலை.

மூன்று முதல் ஐந்துக்குச் சொற்சங்கிலி. ஒருவர் 'பலகை' என்றால் அடுத்தவர் 'கை'யில் தொடங்கி 'கைவிளக்கு', அதற்கடுத்தவர் 'கு'வில் தொடங்கி 'குருவி'. தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது, அதனால் 'மரம்' என்று முடிந்தால் முந்தின எழுத்தான 'ர'வை எடுக்கலாமா, இல்லை அவுட்டா என்று விதியை முதலிலேயே அவர்களை வைத்தே முடிவு செய்துவிடுங்கள்.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் உங்களுக்கென்று ஒரு விருந்து இருக்கிறது. கப்ரேகர் என்று ஒருவர், 1905-ல் பிறந்தவர், நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியராகவே இருந்து எண்களோடு விளையாடியவர். அவர் கண்டது 6174. நாலு இலக்க எண் ஏதாவது ஒன்று, நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 5432, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 2345, கழித்தால் 3087. அதையே மறுபடி செய்தால் 8730-லிருந்து 0378 போக 8352. இன்னொரு முறை, 8532-லிருந்து 2358 போக 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நிற்கும். ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளிடம் 'ஆளுக்கொரு எண் எடுங்கள், கடைசியில் எல்லோருக்கும் ஒரே விடை வரும்' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். நம்பமாட்டார்கள். வேறு விடை வந்தவன் எங்கே கழித்தலில் தப்பு செய்தான் என்று பக்கத்திலிருப்பவனே தேடிக் கண்டுபிடிப்பான், உங்களுக்குத் திருத்துகிற வேலையும் மிச்சம். சின்ன வகுப்புக்கு மூன்று இலக்கத்தில் செய்யலாம், அங்கே 495 வரும். 721 எடுத்தால் 721 - 127 = 594, அப்புறம் 954 - 459 = 495. இடையில் 99 வந்தால் அதை 099 என்றே எழுத வேண்டும், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதிப் பேருக்குக் கணக்கு முறிந்துவிடும்.

இன்னொன்று நம்ம மண்ணுக்கே உரியது. ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல், பதித்த வீட்டையோ கல்யாண மண்டபத்தையோ பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. அரைத்தாளைச் சதுரமாக வெட்டி நாலாக மடிக்கச் சொல்லுங்கள். ஒரு கால் பாகத்தில் மட்டும் பூவோ கட்டமோ வரைந்து, அதையே மற்ற மூன்று பாகத்திலும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வரைய வேண்டும். நாலு பிள்ளைகளின் தாளைச் சேர்த்து வைத்தால் ஒரு தரை. சமச்சீர்த்தன்மை என்று புத்தகத்தில் வருகிற பாடம் இதுதான் என்று கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் போதும். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்ட் கரைசலைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள், கண்ணாடியில் கிடப்பதால்தான் அந்த வழவழப்பு என்பதையும் சொல்லுங்கள். பட்டறையில் வேலை செய்கிற அப்பாவோ மாமாவோ உள்ள பிள்ளை வகுப்பில் இருந்துவிட்டால் உங்களுக்கு வேலையே இல்லை, அவனே மீதிப் பாடத்தை நடத்திவிடுவான்.

ஒன்பது, பத்தில் விளையாட்டு எடுபடாது. கடைசியாக நடத்திய பாடத்திலிருந்து ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வாங்கி, கலைத்து, வேறொருவருக்குக் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். யார் கேள்வி என்று பெயர் போட வைத்தால் கேள்வியும் ஒழுங்காக வரும். உங்களுக்குத் தெரியாத பாடத்தில் புதுப் பாடம் மட்டும் நடத்தாதீர்கள்.

ஆச்சி, எனக்கு வயது 24, ஆள் ஒல்லி. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் என்னைவிட உயரமாக இருக்கிறார்கள். 'சார், நீங்க எந்த செக்‌ஷன்?' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சும்மா பயத்துக்கு ஒரு பிரம்பு கையில் வைத்துக்கொள்ளலாமா? அடிக்கமாட்டேன்.
— வாசகர், தேவகோட்டை

வேண்டாம் தம்பி. அடிக்காத பிரம்பை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், அடித்தால் அது வேறு கதை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் பிள்ளையை உடலால் தண்டிப்பதும் மனதை நோகடிப்பதும் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில் உங்களுக்காகப் பேச அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

கையில் பிரம்புக்குப் பதில் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத ஆசிரியரிடம்தான் பையன்கள் விளையாடுவார்கள். போனதும் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி இனிஷியலோடு எழுதி வாங்குங்கள். இனிஷியல் முக்கியம், நம்ம பக்கத்தில் ஒரே வகுப்பில் மூன்று மெய்யப்பன், இரண்டு வள்ளியப்பன் சாதாரணம், இனிஷியலே இரண்டு மூன்று வரும். யாராவது சினிமா நடிகர் பெயரை எழுதிக் கொடுத்தால் கோபப்படாமல் அதே பெயரைச் சொல்லிப் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள், அடுத்த முறை சொந்தப் பெயரை எழுதிவிடுவான்.

இன்னொன்று, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் நேரடியாகப் பேனா வைக்காதீர்கள். வராதவர் பெயரைத் தனித்தாளில் எழுதி ஆபீஸில் கொடுத்து, அவர்கள் எழுதச் சொன்னால் எழுதுங்கள். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை. காலையில் இருந்தவன் மதியம் இல்லையென்றால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும், சாயங்காலம் வரை வைத்திருக்கக் கூடாது.

நான் மறுபக்கத்து ஆள், ஆச்சி. மூன்றாம் வகுப்பு கிளாஸ் டீச்சர். தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவ் போடப் போகிறேன். போன முறை லீவ் முடிந்து வந்தபோது வகுப்பு தலைகீழாகக் கிடந்தது. வருகிறவருக்கு என்ன எடுத்து வைத்துவிட்டுப் போகலாம்?
— ஆசிரியை, புதுவயல்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். வந்தவர் சரியில்லை என்று புலம்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், வருகிறவருக்கு என்ன தெரியும் என்று யோசிக்கிறவர்கள் குறைவு.

முதல் வேலை, டிராயர் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போங்கள். உள்ளே சொந்தப் பொருள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு ஃபைல். அதில் டைம்டேபிள் வேண்டும், சுவரில் ஒட்டியிருப்பது போன வருஷத்தது என்றால் அதைக் கிழித்துவிடுங்கள். உட்காருகிற வரிசை வேண்டும். ஆனால் இவை இரண்டைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, சாயங்காலம் எந்தப் பிள்ளை எதில் வீட்டுக்குப் போகிறது என்கிற பட்டியல். எந்த வேன், எந்த ஆட்டோ, யார் வந்து கூப்பிட்டுப் போவார்கள், யார் அண்ணனுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'நான் இன்னைக்கு மாமாகூடப் போறேன் மிஸ்' என்றால் உங்களுக்கு அந்த மாமாவைத் தெரியும், புதிதாக வந்தவருக்குத் தெரியாது. பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் ஆபீஸில் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று மேலேயே சிவப்பில் எழுதிவிடுங்கள்.

மூச்சு இழுப்பு உள்ள பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, கண்ணாடி போடாமல் பலகை தெரியாத பிள்ளை, இவர்கள் பெயரைத் தனியே எழுதி மூடின உறையில் வையுங்கள், வகுப்புக்கு எதிரே வாசிக்கிற விஷயம் இல்லை. அண்மையில் வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை இருந்தால் அதையும் ஒரு வரி. அந்தப் பிள்ளையிடம் போய் 'அப்பா என்ன வேலை செய்றார்' என்று கேட்டு வைப்பதைத் தவிர்க்கலாம் இல்லையா?

பாடத்துக்கு என்று அதிகம் எழுத வேண்டாம். எந்தப் பக்கம் வரை முடிந்தது, எந்தப் பயிற்சியை நோட்டில் செய்யலாம், எதைத் தொடவே வேண்டாம், அவ்வளவுதான். நாலு நாளுக்கும் புதுப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டுப் போகிற ஆசிரியர்கள் திரும்பி வந்து அதையே மறுபடி நடத்துகிறார்கள், பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகக் கேட்டுக் குழப்பம்தான் மிச்சம். பழையதை உறுதிப்படுத்துகிற வேலையாகக் கொடுங்கள். கடைசியில் வெற்றுத்தாள் நாலு வைத்து, நாளுக்கொன்றில் 'இன்று நடந்தது' என்று எழுதக் கேளுங்கள். என்ன முடிந்தது, யார் வரவில்லை, யார் அழுதது, யாருக்கு அடிபட்டது. வருகிறவர் நல்லவராக இருந்தால் எழுதுவார்.

பிள்ளைகளிடமும் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் 'எங்க மிஸ் இப்படிச் சொல்லமாட்டாங்க' என்று முதல் பீரியடிலேயே முரண்டு பிடிப்பார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்பது ஆச்சி? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. 'பார்த்துச் செய்றோம்' என்கிறார்கள்.
— வாசகி, கானாடுகாத்தான்

பார்த்துச் செய்வதாகச் சொன்னவர்கள் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வார்கள். கூச்சத்தை விட்டுவிட்டு முதல் போனிலேயே கேளுங்கள்.

அளவுக்கு ஒன்று சொல்கிறேன். 2022-ல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டபோது மாதத்துக்கு இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்றார்கள். பிறகு அது 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. பட்டதாரிக்கான 15,000-ஐ இருபத்தைந்து வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 600 வருகிறது. தனியார் பள்ளிக்கு அது சட்டமில்லை, ஆனால் பேச்சைத் தொடங்க ஒரு எண் கையில் இருக்கும். அரை நாள் போனால் எவ்வளவு, பணம் அன்றைக்கே கையிலா மாதக் கடைசியிலா என்பதையும் கேளுங்கள். மாதக் கடைசி என்றால் போன தேதிகளை அதே குயர் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து, ஆபீஸில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

போக்குவரத்துச் செலவை யாரும் தனியாகத் தருவதில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் அந்தச் செலவு மிச்சம். அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தால் அன்றைய சம்பளத்தில் கணிசமாகப் போய்விடும்.

பிள்ளைகளைச் சமாளிக்க மிட்டாய் கொடுக்கலாமா?
— வாசகி, கண்டனூர்

கூடாது. ஒரு தடவை கொடுத்தால் அடுத்த தடவை உங்களைப் பார்த்ததும் பையைத்தான் பார்ப்பார்கள்.

மதியச் சாப்பாடு எடுத்துப் போனால் சாப்பிடவே நேரம் இல்லை. பிள்ளைகள் சாப்பிடும்போது மேற்பார்வைக்கும் என்னையே நிறுத்திவிடுகிறார்கள். பசியோடு மதியம் நாலு பீரியட் எப்படி நிற்பது?
— கோட்டையூர் வாசகியின் பின்குறிப்பு

புதிதாக வருகிறவரைத்தான் எல்லா இடத்திலும் அந்த வேலைக்கு நிறுத்துவார்கள், அது எழுதாத விதி. சாம்பார், குழம்பு என்று அடுக்குப் பாத்திரம் எடுத்துப் போகாதீர்கள். பஸ்ஸில் ஒழுகும், ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கென்று நாற்காலிகூட இருக்காது. ஐந்து நிமிடத்தில் ஸ்பூனால் சாப்பிட்டு முடிக்கிற புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ, இல்லையென்றால் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. வெள்ளைப் பணியாரம் நமக்கெல்லாம் உயிர்தான், ஆனால் அது அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் சாப்பிட வேண்டிய பண்டம், டப்பாவில் போட்டு மதியம் வரை வைத்தால் பாவம்.

கூடவே தேன்குழலோ சீப்புச்சீடையோ ஒரு சின்ன டப்பாவில், காலை இடைவேளையில் இரண்டு வாய் போட்டுக்கொள்ள. அதை வகுப்பில் மட்டும் திறக்காதீர்கள்.